ஆடி வரைக்கும் உப்பில்லை

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களிடம் "உடம்பில் உப்பு குறைந்துவிட்டது" என்று சொன்னால் பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள். சர்க்கரை கூடிவிட்டது என்றால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, உப்பு குறைந்தது என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை. "அவ்ளோதானா? ரெண்டு கல்லு கூடப் போட்டுச் சாப்பிடச் சொல்ல வேண்டிதுதான டீச்சர்" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. அந்த இரண்டு கல்லைப் போட்டுச் சாப்பிட வைக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். வயதான தாயைத் தனியாக ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு, அடுத்த முறை போகும்போது அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தால் எனக்குப் போதும்.

நான் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவர் சேகர் என் தாய்மாமன் மகன். அவருக்கு என் அம்மா முதலில் அத்தை, அப்புறம்தான் மாமியார். இது பின்னால் எனக்கு எவ்வளவு தொல்லையாக முடிந்தது என்பதைச் சொல்கிறேன். தம்பி குமார் பெங்களூரில் இருக்கிறான். அப்பா இறந்த பிறகு அம்மா குமராட்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தனியாகவே இருந்தாள். எழுபத்து மூன்று வயது. கடலூருக்கு வா என்று கூப்பிட்டால், "அங்க வந்து நாலு செவுத்தப் பாத்துக்கினு ஒக்காரச் சொல்றியா" என்பாள்.

அம்மாவுக்கு வேண்டுதல் ஒரு தொழில் மாதிரி. குமாருக்கு வேலை கிடைக்க மொட்டை, எனக்குப் பிள்ளை பிறக்கத் தீமிதி, என் மகன் பத்தாம் வகுப்பு தேறப் பால்குடம். அவன் படித்துத் தேறினான் என்று நான் சொன்னால், "படிச்சான். யாரு இல்லன்னா? படிக்கிற புத்திய யாரு குடுத்தா?" என்பாள். இந்த வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது. எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பகையும் இல்லை, பெரிய உறவும் இல்லை. கோயிலுக்குப் போனால் வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான்.

2010 சித்திரையில், விடைத்தாள் திருத்தும் வேலை முடிகிற நேரம், ஊரிலிருந்து எதிர்வீட்டு அஞ்சலை அக்கா போன் செய்தார். "மல்லிகா, அம்மா ஒரு மாதிரியா இருக்காங்க. வெறுமனே வாந்தியா வருதுங்கறாங்க. நேத்து நடக்கும்போது தள்ளாடிப் போயி செவுத்தப் புடிச்சாங்க. இன்னைக்கு என்னப் பாத்து, நீ எந்த ஊருங்கறாங்க."

அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கேன். நீ பரிச்ச எழுதிட்டியா?" என்றாள். நான் பரீட்சை எழுதி முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது.

சிதம்பரத்துக்குப் பஸ், அங்கிருந்து டவுன் பஸ். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளுக்கு நடுவில் அரிசியை முறத்தோடு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றேன். திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் இல்லை.

அதற்குள் வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் இது காத்து வேலை, காட்டுமன்னார்கோயிலில் மந்திரிக்கிறவர் இருக்கிறார் என்றார். இன்னொருவர் வெயில், இளநீர் கொடு என்றார். மூன்றாமவர், வயசானா இப்படித்தான், எங்க மாமியாரும் இப்படித்தான் போனாங்க என்று ஆறுதல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். அஞ்சலை அக்காதான் போய்த் தன் கொழுந்தனாரின் காரைக் கொண்டுவரச் செய்தார்.

சிதம்பரத்துக்குள் நுழைகிற இடத்தில் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. என் மடியில் தலை. கை இழுத்து, பல் கிட்டித்து, வாயோரம் நுரை. "அம்மா, அம்மா" என்று கத்தினேனே தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தவர்களிடம் அவளைத் தூக்கிக் கொடுத்தேன்.

மூளையில் அடைப்போ ரத்தக்கசிவோ என்று முதலில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஓர் இளம் பெண் டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சோடியம் ரொம்பக் குறைஞ்சிருக்குங்க. நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். இவங்களுக்கு நூத்திப் பன்னெண்டு."

"சோடியமா?"

"நம்ம ரத்தத்துல உப்பு ஓர் அளவுல இருந்தாத்தான் தண்ணி அது அது இருக்க வேண்டிய எடத்துல நிக்கும். உப்பு குறைஞ்சா தண்ணி செல்லுக்குள்ள போயிடும். மத்த எடத்துல வீங்குனா தெரியாது. மூளைக்கு மண்டையோட்டுக்குள்ள விரிய எடமில்ல. அதான் கொழப்பம், தள்ளாட்டம், வலிப்பு எல்லாம்."

வருடா வருடம் கரும்பலகையில் சோடியம் என்று எழுதி, அது தண்ணீரைத் தொட்டால் தீப்பற்றும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அது என் அம்மாவின் தலைக்குள் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது.

"பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பங்குனியில் புதிதாக ஆரம்பித்தது. அது நீரைப் பிரிக்கிற மாத்திரை, சிறுநீரோடு உப்பும் போய்விடும், அதனால்தான் சில வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்வார்கள் என்றார். மாத்திரை கொடுத்த டாக்டரும் சொல்லியிருக்கிறார். அம்மா போகவில்லை. "சாப்பாட்டுல உப்பு கொறச்சுக்கறாங்களா?" என்று கேட்டார். நான் தைரியமாகச் சொன்னேன்: "இல்லைங்க. ஊறுகா இல்லாம எங்கம்மாவுக்குச் சோறு எறங்காது."

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். உப்புதானே, உடனே ஏற்றிவிடக்கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். வேகமாக ஏற்றினால் மூளையின் உள் நரம்புகள் கெட்டுப்போய், பிழைத்தாலும் கை கால் வராமல், பேச்சு வராமல் போகலாமாம். சொட்டுச் சொட்டாக ஏற்றி, சில மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து, மறுபடியும் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எனக்குப் பொறுமை என்பது சுபாவத்திலேயே கிடையாது. இட்லி வேகும் முன்பே மூடியைத் திறந்து பார்க்கிறவளைக் கொண்டுபோய் அந்தக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

குமார் பெங்களூரிலிருந்து மணிக்கொரு தரம் கூப்பிட்டான். "அக்கா, நான் நெட்ல பாத்தேன். இது கிட்னி பிராப்ளமாக்கூட இருக்கலாமாம். தைராய்டு பாத்தாங்களா? அட்ரீனல்னு ஒண்ணு இருக்குதாம், அதப் பாக்கச் சொல்லு." பில் கட்டப் பணம் அனுப்பியவன் அவன்தான், நன்றி மறக்கக்கூடாது. ஆனால் மூன்றாவது நாள் நான் சொல்லிவிட்டேன்: "தம்பி, நீ நெட்ட மூடிட்டு ரயில் ஏறு. இங்க வந்து அம்மாவுக்குத் துணி அலசிப் போடு." ஞாயிற்றுக்கிழமை வந்தான். துணியும் அலசினான், அதைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காத்திருக்கும் கூடத்தில்தான் எஸ்தர் அக்கா அறிமுகமானார். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடியில் வேலை. அவருடைய மாமியாருக்கு நுரையீரலில் கிருமி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் டீ குடிக்கப் போனால் நாற்காலியில் துண்டைப் போட்டு எனக்காக இடம் பிடித்து வைப்பார். சாயங்காலம் ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் ஜெபம் செய்வார். பக்கத்து நாற்காலியில் இருக்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள், "ஒங்கம்மா பேரு என்னா டீச்சர்? சேத்துக்கறேன்" என்றார்.

"தனலட்சுமி. ஆனா எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைங்க" என்றேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "ஒங்களுக்கு இல்லன்னா பரவால்ல. எனக்கு இருக்குதுல்ல, நான் பாத்துக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு நாளில் உப்பு ஓரளவு ஏறி, அம்மாவைப் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். அளவு ஏறினாலும் புத்தி தெளிய இன்னும் சில நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எஸ்தர் அக்காவின் மாமியாரும் அடுத்த கட்டிலுக்கே வந்து சேர்ந்தார். அம்மா கண்ணைத் திறந்தால் கையில் போட்ட ஊசியைப் பிடுங்கப் பார்ப்பாள். நர்ஸைப் பார்த்து, "நாத்துக்கட்டு எங்கடி வச்ச?" என்பாள். என்னை ஒரு நேரம் தலைமையாசிரியை, ஒரு நேரம் மளிகைக்கடைக்காரர் மனைவி என்பாள். மகள் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், சாப்பாடு ஊட்ட உட்கார்ந்தேன். அம்மா என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். "வந்துட்டியா அண்ணி" என்றாள்.

அண்ணி என்றால் சேகரின் அம்மா, என் மாமியார். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இருவரும் ஒருவருக்கொருவர் உயிர். "வந்துட்டேன்" என்று சொல்லி வைத்தேன், வாயைத் திறந்தால் ஒரு வாய் ஊட்டிவிடலாமே என்று. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"சேகரு சொன்னான் அண்ணி. மல்லிகாவுக்கு மாருல கட்டியாம். ஊசி போட்டுப் பாத்திருக்காங்க. எங்கிட்ட அவ ஒரு வார்த்த சொல்லல. நானும் கேட்டுக்கல. ஒரு வருசம் கழிச்சு மறுபடியும் பாக்கணுமாம். நான் நம்ம ஊரு ஆத்தா பொன்னியம்மாகிட்ட சொல்லிட்டேன். வர்ற ஆடியில நல்லபடியா சொல்ற வரைக்கும் உப்பத் தொட மாட்டேன்னு. நீ அவகிட்ட சொல்லிடாத. கத்துவா."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

முந்தின ஆடியில் எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது உண்மை. கடலூரில் ஊசியால் கொஞ்சம் திசுவை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் ஒரு வருடம் கழித்து அளவு கூடியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்கள். கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் எங்கேயாவது மொட்டை போட்டுக்கொள்வாள் என்றுதான் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் சேகர் வந்தார். வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "மாமா, எங்கம்மாகிட்ட சொன்னீங்களா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. "அத்தை மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்க, மல்லிகா ஏன்டா எளச்சிட்டான்னு. பொய் வரல."

"நான் எளச்சா ஒங்களுக்கு வாய் தொறந்துக்குமா? ஒம்போது மாசமா உப்பு இல்லாமத் தின்னுருக்கு அந்த மனுசி! நாம போறப்ப எல்லாம் நமக்கு ஊத்திட்டு, அப்புறம் சாப்பிடறேன் அப்புறம் சாப்பிடறேன்னு அடுப்படில தனியா ஒக்காந்து தின்னுச்சே, நாம ரெண்டு பேரும் என்னத்தப் பாத்துக்கினு இருந்தோம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டி முடித்த பிறகு எனக்கு மூச்சு வாங்கியது. அவர் போய் இளநீர் வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "உப்பு விட்டது மட்டும்னா இவ்ளோ எறங்கியிருக்காது. மாத்திரை மட்டும்னாலும் எறங்கியிருக்காது. ரெண்டும் சேந்துடுச்சு. இந்த வெயிலுக்குத் தண்ணியும் குடம் குடமாக் குடிச்சிருப்பாங்க. இனிமே தெனம் உப்பு போட்டுச் சாப்பிட்டே ஆகணும்மா. இல்லன்னா மறுபடியும் எறங்கிடும்."

இரண்டு நாளில் அம்மா தெளிந்தாள். காலையில் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "ஏன்டி மல்லிகா, ஜாக்கெட்ட இஸ்திரி போட்டுப் போட மாட்டியா, ஆஸ்பத்திரின்னா இப்பிடியா வருவாங்க" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மகளாகிவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் கஞ்சி வருகிற வரைக்கும்தான். ஒரு வாய் வாங்கினாள், அப்படியே கிண்ணத்தில் துப்பினாள்.

"உப்பு போட்டிருக்கு."

"ஆமா. டாக்டர் போடச் சொன்னாங்க."

"எனக்கு வேணாம்."

"எனக்கு எல்லாம் தெரியும்மா. நீயே வாய விட்டுச் சொல்லிட்ட."

"தெரிஞ்சா சரி. ஆடி வரைக்கும் உப்பில்ல."

கெஞ்சினேன். மிரட்டினேன். டாக்டர் வந்து சொன்னார். "சரிம்மா" என்று அவரிடம் தலையாட்டிவிட்டு, அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். உப்பை மாத்திரைபோலக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் திரும்பியதும் தலையணைக்கு அடியில் போட்டாள். மறுநாள் ரத்தத்தில் அளவு மறுபடியும் இறங்கியிருந்தது. நான் வெடித்துவிட்டேன்.

"அது கெட்ட கட்டி இல்லன்னு போன வருசமே சொல்லிட்டாங்கம்மா! டெஸ்ட்டுப் பண்ணிச் சொன்னாங்க!"

"அப்புறம் எதுக்கு ஒரு வருசம் கழிச்சு வரச் சொன்னாங்க?"

அந்த ஒரு கேள்வியைத்தான் நானும் ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது ஒவ்வொரு நாளும் கை அங்கே போகும். பெரிதாகிவிட்டதா, அப்படியே இருக்கிறதா? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நடு வாக்கியத்தில் நினைவு வந்து நின்றுவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றுமில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டு, நானே அதை நம்பவில்லை. இங்கே இந்தக் கட்டிலில் ஒருத்தி, அந்தப் பயத்தை என்னைக் கேட்காமலே எடுத்து, தினமும் மூன்று வேளை சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"நான் இப்பவே இங்கியே டெஸ்ட் எடுத்துக்கறேன்" என்றேன்.

"ஆடியிலன்னுதான் ஆத்தாகிட்ட சொன்னேன். சித்திரையில எடுத்தா அது எந்தக் கணக்கு?"

"நீ செத்துப் போனா அது எந்தக் கணக்கு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா அசையவில்லை. "நான் எழுபது வருசம் இருந்துட்டேன்" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், பஸ் வந்தால் ஏறிக்கொள்கிறேன் என்பதுபோல.

எனக்குத் தலை கொதித்தது. யோசித்துச் சொன்னேன் என்று எழுதினால் பொய். ஆத்திரத்தில் வந்த வார்த்தைதான். "மீதிய நான் இருக்கறேன். நீ தின்னு."

அம்மா முகத்தைத் திருப்பினாள். "என்னா?"

"ஒன்னால முடியல. ரத்த சொந்தம் அந்த வேண்டுதல எடுத்துக்கலாமில்ல? ஆடி வரைக்கும் நான் உப்பில்லாமத் திங்கறேன். நீ உப்பு போட்டுத் தின்னு."

"நீ சாமிய நம்ப மாட்டியே."

"நம்பிக்கை ஒங்கிட்ட இருக்குதுல்ல, அத நீ பாத்துக்க. பட்டினியா, உப்பில்லாத சோறா, அத நான் பாத்துக்கறேன்."

அடுத்த கட்டிலருகே உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அம்மா வெகு நேரம் யோசித்தாள். நிலத்துக்கு விலை பேசும்போது அப்பா யோசிக்கிற மாதிரி இருந்தது.

"ஊறுகா, அப்பளம் எல்லாம் சேத்திதான்."

"சரி."

"கடையில வாங்கற பிஸ்கோத்துலகூட உப்பு இருக்குதாம்."

"அதுவும் இல்ல."

"அப்பன்னா சும்மா சொல்லக்கூடாது. நம்ம ஊரு இருக்கற தெசையப் பாத்து, மனசாரச் சொல்லணும்."

எங்கள் ஊர் சிதம்பரத்துக்கு மேற்கே. வார்டில் மேற்கே இருந்தது கழிப்பறைக் கதவு. முப்பது நோயாளிகளும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் பார்க்க, மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியையான நான் அந்தக் கதவைப் பார்த்து நின்று கையைக் கூப்பினேன். "பொன்னியம்மா, எங்கம்மா ஆரம்பிச்சத நான் முடிக்கிறேன்" என்றேன். "சத்தமா" என்றாள் அம்மா. சத்தமாகச் சொன்னேன். குரல் நடுங்கியது, வெட்கத்தில் என்றுதான் அப்போது நினைத்தேன்.

திரும்பியபோது அம்மா வாயைத் திறந்து வைத்திருந்தாள். கஞ்சியை ஊட்டினேன். மூன்றாவது வாயில், "ஒறப்பே இல்ல. எலுமிச்சங்கா ஊறுகா இருந்தா வாங்கியாரச் சொல்லு சேகர" என்றாள்.

விஷயம் கேள்விப்பட்ட டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஒங்க வீட்ல எல்லாருக்கும் சேத்துத்தான் சோடியம் பாக்கணும் போலிருக்கு" என்று என் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். எனக்கு மாத்திரை எதுவும் இல்லை, வயதும் குறைவு, பால் தயிர் காய்கறியில் இருக்கிற உப்பு இவ்வளவு காலத்துக்குத் தாங்கும், ஆனால் மயக்கம் வந்தால் உடனே வர வேண்டும் என்றார். அப்படியே வேறு யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடாது என்றும் சொன்னார். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அளவு நிலையானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவைக் கடலூருக்கே கூட்டி வந்துவிட்டோம். வேறு பி.பி. மாத்திரை, அளவான தண்ணீர், அளவான உப்பு. எஸ்தர் அக்காவின் மாமியாரும் தேறிவிட்டார். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பேரையும் சேத்துட்டேன் டீச்சர்" என்றார். இந்த முறை, "சரிங்க அக்கா" என்றேன்.

உப்பில்லாமல் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று கேட்டால், முதல் வாரம் அழுகை வரும். சோறு சோறாகவே இருக்காது. சமைப்பதும் நான்தான், ருசி பார்க்க முடியாது. அதனால் ஒரு நாள் சாம்பாரில் உப்பு கரிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும். அம்மா சும்மா இருப்பாளா? "என்னாடி கொழம்பு வச்சிருக்க, மாட்டுக்குக்கூட இதவிட நல்லாக் கரைச்சி வப்பாங்க" என்பாள். நான் கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்ப்பேன். அவள் பார்வையை மாற்றிக்கொண்டு, "இல்ல, சாப்பிடலாம், சாப்பிடலாம்" என்பாள். பள்ளியில் மத்தியானம் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ள முடியாது. யார் வீட்டுக் கல்யாணத்திலும் கை நனைக்க முடியாது. காரணம் சொன்னால் நான் யார் என்று இருபது வருடமாக அறிந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஆனி மாதத்தில் எப்போதோ. முதல் வாய் சோற்றை எடுக்கும்போது அந்தக் கட்டி ஞாபகம் வரும். முன்பு அது வந்தால் நாள் முழுக்க உள்ளேயே கிடந்து அரிக்கும். இப்போது அதற்கு ஓர் இடமும் நேரமும் கிடைத்துவிட்டது. இந்தா, இதை எடுத்துக்கொள், என்று யாரிடமோ சொல்லிவிட்டு விழுங்குவேன். சாப்பிட்டு எழுந்தால் மனசு லேசாக இருக்கும். யாரிடம் சொல்கிறேன் என்று ஒரு நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். பொன்னியம்மனின் முகம்தான் வந்தது, மஞ்சள் பூசி, கண் மட்டும் பெரிதாக. வேறு முகம் எனக்குத் தெரியாது. குளிக்கும்போது கை அங்கே போவது நின்றுபோயிருந்ததை அதற்கும் பிறகுதான் கவனித்தேன்.

ஆடியில் ஸ்கேன். நீ வராதே என்று சொன்னதைக் கேட்காமல் அம்மா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் என் கட்டியின் வரலாற்றைச் சொன்னாள். ஒரு பெண், தன் சித்தி இப்படித்தான் ஒன்றுமில்லை என்றிருந்து ஆறு மாதத்தில் போய்விட்டார் என்று ஆரம்பித்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் நாற்காலி மாற்றிக்கொண்டார்.

கட்டி அப்படியே இருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. "ஒன்னும் பயமில்ல. அடுத்த வருஷம் ஒரு தடவ வந்து பாத்துக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டர். வெளியே வந்து சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது. அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"அம்மா! எதுவும் நேந்துக்காத. சொல்லிட்டேன்."

"அடுத்த வருசம்னு சொன்னாரே..."

"அடுத்த வருசத்த நான் பாத்துக்கறேன். ஒனக்கு டூட்டி முடிஞ்சிது."

அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். ஆடி வெள்ளி, கோயிலில் நிற்க இடமில்லை. பூசாரி தட்டை வைத்துக்கொண்டு, யார் பேருக்கு அர்ச்சனை என்றார். அம்மா "மல்லிகா" என்றாள். நான் "தனலட்சுமி" என்றேன். "வேண்டுதல் இவளுக்குத்தான், இவ பேரச் சொல்லுங்க." "ஆஸ்பத்திரியில கெடந்தது இவங்க, இவங்க பேரச் சொல்லுங்க." பின்னால் வரிசை கத்தியது. "ரெண்டு பேரு பேரையும் சொல்லிட்டேன், நகருங்கம்மா" என்றார் பூசாரி. நகர்ந்தோம். வெளியே வேப்பமரத்தடியில் அம்மா புளிச்சோற்றை உருட்டி என் வாயில் வைத்தாள். நாக்கு எரிந்தது. இன்னொரு உருண்டை கேட்டு வாங்கித் தின்றேன்.

போன வருடம் ஆடியில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தேன். அப்போதும் அம்மா கூட வந்தாள். இப்போது நடை தளர்ந்துவிட்டது, கொஞ்சம் உட்கார்ந்தால் கண் சொருகிவிடுகிறது. முடிவு வர வெகு நேரம் ஆயிற்று. என் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டாள். பெயரைக் கூப்பிடும் வரைக்கும் அவளை எழுப்பவில்லை. அவள் தூங்கட்டும் என்று பொன்னியம்மனிடம் நானே பேசிக்கொண்டிருந்தேன்.